அமெரிக்க கவுண்டியில் நிலம் வாங்கியாச்சு: அரசு மானியம் எப்படி வரும், யாருக்கு வரும்?

எங்கள் வட்டத்தில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் நகரத்தைவிட்டு ஒன்றரை மணி நேரம் தள்ளி விளைநிலம் வாங்கியிருக்கின்றன. சிலர் 10 ஏக்கர், சிலர் 40. வாங்கிய ஒரு மாதத்துக்குள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “பக்கத்து நிலத்துக்காரருக்கு வருஷா வருஷம் கவர்மென்ட் பணம் வருதாமே, நமக்கும் வருமா?”

வரலாம். ஆனால் பெரும்பாலோர் இந்தக் கேள்வியை நிலம் வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். நானும் அப்படிக் கேட்கத் தவறியவன்தான். இல்லினாய் மாநிலத்தின் மக்காச்சோள வட்டாரத்தில் 40 ஏக்கர் வாங்கி, பட்டுத் தெரிந்துகொண்டதைப் புதிதாக வருகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கவுண்டியின் கணக்கைப் பாருங்கள்

அமெரிக்காவில் விவசாய மானியம் யாருக்கு எவ்வளவு போனது என்பது ஒளிவுமறைவான விஷயம் இல்லை. என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற தன்னார்வ அமைப்பு, தகவல் அறியும் சட்டத்தின்படி மத்திய வேளாண் துறையிடம் கேட்டு வாங்கிய கணக்கை 1995இல் இருந்து தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, கவுண்டியை (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்ந்தெடுத்தால், பெற்றவர் பெயர், திட்டம், ஆண்டு, தொகை எல்லாம் வரும்.

அதில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத் தேட வேண்டாம். எந்தத் திட்டத்தில் பணம் போகிறது என்று பாருங்கள். நிலப் பாதுகாப்புக்கான சிஆர்பி தொகை அதிகம் என்றால், மண் அரிக்கும் சரிவு நிலம் நிறைய இருக்கிற, பயிர் செய்யாமல் புல் வளர்க்கப் பணம் கொடுக்கிற பகுதி என்று ஊகிக்கலாம். பேரிடர் நிவாரணம் அடிக்கடி வந்திருந்தால் வறட்சியையோ வெள்ளத்தையோ எதிர்பார்த்துத்தான் அங்கே வாங்க வேண்டும். 2018, 2019, 2020 ஆண்டுகளில் தொகை திடீரென்று ஏறியிருக்கும். முதல் இரண்டும் சீனாவுடனான வர்த்தகச் சண்டைக்கான இழப்பீடு, மூன்றாவது கொரோனா நிவாரணம். அந்த ஆண்டுகளைக் காட்டி “ஏக்கருக்கு இவ்வளவு வரும்” என்று எந்தத் தரகராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பட்டியலின் உச்சியில் இருக்கிற சில பெரிய பண்ணைகளுக்கே பணத்தின் பெரும்பகுதி போகிறது. ஏக்கர் கணக்கில் கொடுக்கிற பணம், ஏக்கர் அதிகம் இருக்கிறவரிடம்தான் சேரும்.

நாளைக்கு உங்களுக்குப் பணம் வந்தால் உங்கள் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறும். நில வரைபடமும் சாகுபடி விவரங்களும் மட்டும் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

வாங்கும் முன் கேட்க வேண்டிய தாள்

ஊரில் பட்டா, சிட்டா, வில்லங்கம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? இங்கே அதற்கு இணையாக ஒரு தாள் இருக்கிறது. எஃப்எஸ்ஏ-156இஇசட் என்று பெயர். எஃப்எஸ்ஏ என்பது ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி. நாடு முழுக்க 2,100க்கும் மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள் அதற்கு உண்டு. மானியத்தின் பெரும்பகுதி அந்த அலுவலகங்கள் வழியாகத்தான் நடக்கிறது. நிலத்தின் ஃபார்ம் நம்பர், டிராக்ட் நம்பர், சாகுபடிப் பரப்பு, மண் அரிப்பு நிலமா, சதுப்பு நிலம் இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாகப் பேஸ் ஏக்கர் எவ்வளவு என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். விற்பவர் பெயரில் உள்ள பதிவு என்பதால் அலுவலகம் அதை நேராக உங்களிடம் தராது. விற்பவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். தர மறுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

பேஸ் ஏக்கர்தான் இங்கே உயிர்நாடி. நிலத்தில் பல வருடங்களுக்கு முன்பு விளைந்த பயிரை வைத்து அரசு ஒரு பரப்பைக் குறித்து வைத்திருக்கிறது: மக்காச்சோளம் இத்தனை ஏக்கர், சோயா இத்தனை, கோதுமை இத்தனை என்று. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1998 முதல் 2001 வரையான சாகுபடியை வைத்து அதைப் புதுப்பிக்க விட்டார்கள். 2014இல் 2009-2012 சாகுபடியை வைத்து, இருக்கிற ஏக்கருக்குள் பயிர் மாற்றிக்கொள்ள விட்டார்கள். முக்கியமான விலை மானியம் இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் வருகிறது. இன்றைக்கு நீங்கள் என்ன விதைக்கிறீர்கள் என்பது அதற்கு அவ்வளவு முக்கியமில்லை. 2025 ஜூலையில் வந்த சட்டம் நாடு முழுக்க 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் சேர்க்க வழி செய்திருக்கிறது. உங்கள் நிலத்துக்கு அது பொருந்துமா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

என் கதை இதுதான். பெரிய பண்ணை ஒன்றிலிருந்து பிரித்து விற்ற துண்டு எங்களுடையது. பத்திரப் பதிவு நாளன்று மேஜையில் ஒரு சாண் உயரத்துக்குத் தாள்கள். வழக்கறிஞர் ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள நானும் மனைவியும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனோம். இரண்டு மாதம் கழித்து எஃப்எஸ்ஏ அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா எங்கள் நிலத்தின் வான்வழிப் படத்தை அச்செடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். மஞ்சள் கோட்டுக்குள் எங்கள் வயல், கிழக்கு ஓரத்தில் ஓடை, பழைய களஞ்சியத்தின் தகரக் கூரைகூடத் தெரிந்தது. பேஸ் ஏக்கர் கட்டத்தில் சுழியம். நான் தப்பாக இருக்கும் என்றேன். அவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பண்ணையைப் பிரிக்கும்போது பேஸ் முழுவதும் விற்பவரின் மீதி நிலத்திலேயே இருக்கட்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட குறிப்பு அது. கீழே என் கையெழுத்து, பக்கத்திலேயே மனைவியின் கையெழுத்து. சட்டப்படி எல்லாம் சரி. நாங்கள் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பெரிய நிலத்தின் துண்டை வாங்கினால், பேஸ் எப்படிப் பிரிகிறது என்று விலை பேசும்போதே எழுத்தில் வாங்குங்கள். நிலம் சிஆர்பி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அவை 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தங்கள். மீதி ஆண்டுகளை நீங்கள் ஏற்றால் ஆண்டு வாடகை உங்களுக்கு வரும், ஆனால் அந்தப் புல்லை உழக் கூடாது. ஏற்காவிட்டால் விற்பவர் அதுவரை வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அதனால் விலைப் பேச்சில் இது கட்டாயம் வரும்.

விசா, வருமானம், குத்தகை

குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு விசா விஷயத்தில் சிக்கல் இல்லை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவரை இந்தத் திட்டங்கள் வெளிநாட்டவராகவே கணக்கிடுகின்றன. நிலம், முதல், கணிசமான உடலுழைப்பு மூன்றையும் அவரே போட்டால் மட்டும் விலக்கு உண்டு. ஆனால் எச்-1பியில் இருந்துகொண்டு சொந்தப் பண்ணையில் உழைப்பது விசா நிபந்தனையோடு மோதக்கூடும். குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்த விலக்கைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, மானியமே வேண்டாம் என்றாலும் விடாது. கிரீன் கார்டு இல்லாதவர் 10 ஏக்கருக்கு மேல் விளைநிலம் வாங்கினால், 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏ-153 படிவத்தில் அறிவிக்க வேண்டும். 1978இல் வந்த சட்டம் இது. தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். இதை யாரும் வலியச் சொல்வதில்லை. சில மாநிலங்களில் வெளிநாட்டவர் விளைநிலம் வாங்கவே தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

வருமான வரம்பு 9 லட்சம் டாலர், மூன்றாண்டுச் சராசரி. நம்மில் பெரும்பாலோரை இது தொடாது. விலை மானியத்துக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்றிருந்த உச்சவரம்பு 2025 பயிரிலிருந்து 1,55,000 ஆகியிருக்கிறது. 40 ஏக்கர்காரருக்கு அதுவும் தொலைவில்தான்.

நிலத்தை வாங்கிக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரொக்கக் குத்தகை என்றால் விளைச்சலின் லாப நட்டம் குத்தகைதாரருடையது, விலை மானியமும் அவருக்கே. வாரத்துக்கு விட்டால், விளைச்சலில் எந்தப் பங்கோ அந்தப் பங்குக்கு மானியமும் பிரியும். நம் ஊர்க் குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள அதே வித்தியாசம்தான். குத்தகை வாங்கிக்கொண்டு மானியத்தையும் என் பெயரில் போடு என்று கேட்பது தவறு. பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

அலுவலகத்துக்கு முதல் நடை

போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். பதிவான பத்திரத்தின் நகல், அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு எண், நிலத்துக்காக எல்எல்சி என்ற வகை நிறுவனம் வைத்திருந்தால் அதன் ஆவணங்களும் உறுப்பினர்கள் எல்லாருடைய எண்களும் வேண்டும். குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்பவர் என்றால் குத்தகை ஒப்பந்தம்.

இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகவும், வங்கியில் இனிஷியலாகவும், பத்திரத்தில் இரண்டும் இடம் மாறியும் இருக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இருக்கிற பெயர் எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் ஒத்துப்போகாவிட்டால் பணம் நிற்கும். பத்திரம் எழுதும்போதே அட்டையைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

அன்றைக்கு நிரப்ப வேண்டியவை சில படிவங்கள். ஏடி-2047 உங்கள் விவரத்துக்கு. சிசிசி-902 பண்ணையை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு. சிசிசி-941 வருமானத்துக்கு. ஏடி-1026 மண் அரிப்பு, சதுப்பு நிலப் பாதுகாப்புக்கு. கடைசியைச் சாதாரணமாக நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் கையெழுத்திட்ட பிறகு சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர் வைத்தாலோ, அரிப்பு நிலத்தைத் திட்டமில்லாமல் உழுதாலோ எல்லா மானியமும் போகும். ஓடையோரப் பள்ளத்தைச் சமப்படுத்த ஜேசிபி கூப்பிடுவதற்கு முன்பு அலுவலகத்தைக் கேளுங்கள்.

விவசாயத்துக்கு வந்து பத்து ஆண்டு ஆகாதவர் சிசிசி-860 என்ற படிவத்தையும் கேட்டு வாங்கி நிரப்ப வேண்டும். தொடக்க விவசாயி என்ற தகுதி அதில்தான் பதிவாகிறது. பேஸ் 10 ஏக்கரோ அதற்குக் குறைவோ உள்ள பண்ணைக்குப் பொதுவாக விலை மானியம் கிடையாது, தொடக்க விவசாயிக்கு அந்தத் தடை இல்லை. சலுகைகள் வேறும் உண்டு, கீழே சொல்கிறேன்.

கிளம்பும்போது, வந்து போனதற்கு ரசீது கேளுங்கள். என்ன கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார்கள் என்று அதில் இருக்கும். நீங்கள் கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் இருக்கிறது. பின்னால் தகராறு வந்தால் அந்த ஒரு தாள் உங்களைக் காப்பாற்றும்.

ஜூலை 15

எங்கள் பக்கத்தில் மக்காச்சோளம், சோயாவுக்குச் சாகுபடிக் கணக்குக் கொடுக்கக் கடைசி நாள் ஜூலை 15. பயிரையும் இடத்தையும் பொறுத்து நாள் மாறும், உங்கள் கவுண்டியில் கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்எஸ்ஏ-578 என்ற அறிக்கை அது. எந்த வயலில், எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், எந்தத் தேதியில் விதைத்தது, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு. வயல் படத்தின் மேலேயே எழுதிக்கொடுக்கலாம். நான் விதைப்பு முடிந்த அன்றே படத்தில் தேதியைக் குறித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவேன்.

பேஸ் இல்லை, எனக்கு எதற்கு இந்த அறிக்கை என்று முதல் வருடம் நினைத்தேன். அது பெரிய தவறு. 2024 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி 2025இல் ஒரு சிறப்பு நிவாரணம் வந்தது. மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 42.91 டாலர், சோயாவுக்கு 29.76, கோதுமைக்கு 30.69, பருத்திக்கு 84.74. அதற்குப் பேஸ் ஏக்கரைப் பார்க்கவில்லை. 2024இல் விதைத்ததாக அறிக்கையில் இருந்த பரப்பைத்தான் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நிவாரணம் எப்போது வரும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு வருடம்கூட விடாமல் கணக்குக் கொடுங்கள்.

ஏஆர்சியா, பிஎல்சியா

பேஸ் உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிஎல்சி என்பது விலைக்குக் காப்பு: நாட்டுச் சராசரி விலை, சட்டம் குறித்த ஆதார விலைக்குக் கீழே போனால் பணம் வரும். ஏஆர்சி (நாம் இங்கே பேசுவது ஏஆர்சி-கவுண்டி) என்பது வருமானத்துக்குக் காப்பு: கவுண்டியின் விளைச்சலும் விலையும் சேர்ந்து வழக்கமான அளவுக்குக் கீழே இறங்கினால் வரும். இதில் உங்கள் வயல் அழிந்து கவுண்டி நன்றாக விளைந்திருந்தால் ஒன்றும் வராது. பெயரில் உள்ள கவுண்டி என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது.

பிஎல்சியை ஒரு கணக்கில் பார்க்கலாம். மக்காச்சோளம் புஷல் (இங்கே தானியம் அளக்கும் அளவு) ஒன்றுக்கு ஆதார விலை 4.10 டாலர், சந்தைச் சராசரி 3.90 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20 சென்ட். உங்கள் பேஸ் 20 ஏக்கர், பதிவான விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல். பேஸில் 85 சதவீதத்துக்குத்தான் கொடுப்பார்கள். பெருக்கினால் 510 டாலர். அதில் பட்ஜெட் வெட்டு 5.7 சதவீதம் கழித்தால் கையில் சுமார் 481. இதை நம்பி டிராக்டர் வாங்க முடியாது. பக்கத்து நிலத்துக்காரர் 2,000 ஏக்கர் வைத்திருக்கிறார், அவருக்கு வருவதை நமக்கு வருவதோடு ஒப்பிட வேண்டாம்.

இன்னொரு பொறி, நம்மவர்களுக்கே உரியது. வெண்டை, கத்தரி, முருங்கை போட ஆசையாக வருவோம். பேஸ் ஏக்கரில் 15 சதவீதத்துக்கு மேல் காய்கறியோ பழமோ வைத்தால், மேலே போகிற ஒவ்வொரு ஏக்கருக்கும் மானியம் குறையும். பாசிப்பயறுக்கும் மற்ற பருப்பு வகைகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. சட்டத்திலேயே பாசிப்பயறைப் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

காய்கறிக்காரருக்கு உண்மையில் உதவுவது

பேஸ் இல்லாத சிறு நிலத்துக்கு, என் அனுபவத்தில், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இரண்டு திட்டங்கள் பயன்பட்டன. ஒன்று நேப். பயிர்க் காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கான பேரிடர்க் காப்பு. அடிப்படை நிலையில், விளைச்சல் பாதிக்கு மேல் போனால், அந்தப் பாதிக்கு மேற்பட்ட இழப்புக்குச் சந்தை விலையில் 55 சதவீதம் தருவார்கள். பயிருக்கு 325 டாலர் கட்டணம் தொடக்க விவசாயிக்குத் தள்ளுபடி. கையால் பறிக்கும் பயிர் என்றால், சேதம் கண்ணில் பட்ட 72 மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஆலங்கட்டி மழை வெள்ளிக்கிழமை மாலை பெய்தாலும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். அன்றே படம் எடுத்து மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று ஈக்விப். பெரும்பாலும் அதே கட்டடத்தில் இருக்கிற, வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவான என்ஆர்சிஎஸ் அலுவலகம் நடத்துவது. சொட்டுநீர், வேலி, பிளாஸ்டிக் கூரைக் குடில் போன்றவற்றின் செலவில் பெரும்பங்கு கிடைக்கும். தொடக்க விவசாயிக்கு 90 சதவீதம் வரை போகலாம், பொருள் வாங்க முன்பணமும் உண்டு. ஒரே நிபந்தனையைத் தலைகீழாக நின்றாலும் மீற முடியாது: ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் வேலையைத் தொடங்கினால் ஒரு காசு வராது. ஒரு நண்பர் வசந்தம் வந்துவிட்டதே என்று அவசரப்பட்டு ஏப்ரலில் குடிலைக் கட்டினார். ஜூனில் ஒப்புதல் வரவிருந்தது. முழுச் செலவும் அவர் தலையில்.

பணம் எப்போது?

2025 ஏப்ரலில் விதைத்த மக்காச்சோளத்தின் விலைக் கணக்கு 2026 ஆகஸ்ட் இறுதியில்தான் முடிகிறது, ஏனென்றால் சந்தை ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். பணம் 2026 அக்டோபருக்குப் பிறகு. விதைத்து ஒன்றரை வருடம். நேராக வங்கிக்கு வரும், அடுத்த ஜனவரியில் 1099-ஜி படிவமும் வரும். இது வரி கட்ட வேண்டிய வருமானம்.

மறுப்புக் கடிதம் வந்தால் தேதியைப் பாருங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள். கவுண்டி கமிட்டியிடம் போகலாம், அங்கும் சரிவராவிட்டால் வேளாண் துறையின் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு இருக்கிறது.

அந்தக் கமிட்டியை விவசாயிகளே தேர்ந்தெடுக்கிறார்கள். 3 முதல் 11 உறுப்பினர்கள், மூன்றாண்டுப் பதவி. கவுண்டியைப் பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள், உங்கள் பகுதியின் முறை வரும் ஆண்டில் நவம்பர் மாதம் தபாலில் வாக்குச்சீட்டு வரும். விளம்பரத் தாள் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உறையின் மேல் கையெழுத்துப் போட்டு, டிசம்பரில் அதில் குறித்த தேதிக்குள் திருப்பி அனுப்புங்கள். எங்கள் பகுதியில் போன முறை நின்ற இருவரில் ஒருவர், காய்கறி பயிரிடும் சிறு விவசாயி.